எண்ணூர் கழிமுகக் குறிப்புகள்: ஐப்பசி முதல் மார்கழி வரை

அக்டோபர் 20, 2024

வெண்கண்டல் காய் உதிரும் பருவம். மழையில் கொசஸ்தலையாற்று நன்னீர் இறங்கி, கழிமுகத்தில் உப்பு தணியும் நேரம் பார்த்துத்தான் இந்த அலையாத்தி (மாங்குரோவ்) மரம் காயை விடுகிறது. முளைக்குக் கொஞ்சம் கரிப்பு குறைந்த தண்ணீர் வேண்டும்.

நடுவதற்குக் காய் சேர்க்க வரும் பிள்ளைகள் கிளையில் கை வைக்கவேண்டாம். பறித்த காய் பெரும்பாலும் முற்றியிருக்காது. கீழே விழுந்ததைப் பொறுக்கினால் போதும். சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு, தள்ளிவிடணும். ஆற்றுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறினால் மேல்தோல் தானே கழலும். உள்ளே மடித்த வெற்றிலை மாதிரி இரண்டு தடித்த விதையிலைகள், நடுவில் நுனியில் மயிர் படர்ந்த முளைவேர். அந்த வேர்நுனி கீழே போகும்படி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் சேற்றில் அழுத்தினால் போதும். முழுக்கப் புதைத்தால் அழுகிவிடும்.

அக்டோபர் 27

உப்பு மண்ணில் வளரும் உமரி மறுபடியும் பச்சை. கோடையில் உப்பு ஏறி சிவந்து கிடந்த அதே செடி.

நவம்பர் 3

எங்கே நடுவது என்பதுதான் பெரிய கேள்வி. வெறும் சேறாகக் கிடக்கிற இடமெல்லாம் அலையாத்திக்கு இடம் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் நட்டால் நாற்று மூச்சுமுட்டிச் சாகும். கடல் ஏற்றமே எட்டாத மேட்டில் காய்ந்துபோகும். தண்ணீர் ஏறும் ஏற்றத்தில் நனைந்து, இறங்கும் வற்றத்தில் வெளியே தெரிகிற சேற்றின் மேல்பாதிதான் அதற்குப் பொருத்தம்.

தண்ணீர் எந்த உயரம் வரை வருகிறது என்று பார்க்க ஒரு எளிய கருவி: அடியில் துளைகள் போட்ட பிளாஸ்டிக் பைப், உள்ளே சாக்பீஸ் தேய்த்த குச்சி. மேல்வாயை மூடினால் மழை கெடுக்காது. மூடிக்குக் கீழே ஒரு சிறு காற்றுத் துளை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே ஏறாது, அளவு குறைத்துக் காட்டும். சாக்பீஸ் கரைந்த இடம்தான் உச்ச ஏற்றம்.

நவம்பர் 16

பௌர்ணமிக்கு மறுநாள், நல்ல வற்றம். மூச்சுவேர்கள் பென்சில் நட்டது போல வரிசையாக நிற்கின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால் தோலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். சேற்றுக்குள் இல்லாத காற்றை அந்த வழியாகத்தான் மரம் இழுக்கிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஏன் அவ்வளவு கொடியது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு பாடம் தேவையில்லை. அந்தப் புள்ளிகள் அடைபட்டால் மரத்துக்கு மூச்சு கிடையாது.

இலையை நக்கிப் பார்க்கச் சொல்லும் வழக்கம் இங்கே வேண்டாம். சாம்பலும் எண்ணெயும் படிகிற இடம். வெயிலில் இலையின் மேல் மின்னும் உப்பை விரலால் தொட்டுப் பார்த்தாலே புரியும். வெறுங்காலோடு இறங்கவும் கூடாது, சிப்பி கிழித்துவிடும்.

டிசம்பர் 22

நட்ட வரிசையில் நெகிழிக் கவரும் அறுந்த வலையும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பெரிய ஏற்றத்துக்குப் பிறகும் கையால் எடுக்கணும், இழுத்தால் நாற்றோடு வரும். ஆடு நுழையும் பக்கம் முள்வேலி போடணும், வெண்கண்டல் தழை அதற்கு அவ்வளவு பிடிக்கும்.

பழைய மரங்களின் அடியில் தானாக முளைத்த கன்றுகளையும் எண்ணிவைக்கணும். ஒன்றுகூட இல்லாத இடத்தில் எத்தனை ஆயிரம் நட்டாலும் வீண். அங்கே முதலில் அடைபட்ட வாய்க்காலைத் திறந்து ஏற்றத் தண்ணீர் வந்துபோக வழி செய்யணும்.