ஆஸ்திரேலியாவில் ஜிபி (குடும்ப மருத்துவர்) ஆக மூணு வருஷம் போதுமா?

வரத் திட்டமிடும் டாக்டர் தம்பிகள் பலர் கேட்கும் கேள்வி இது. காகிதத்தில் மூன்று வருடம்தான். ஜிபிகளுக்கான கல்லூரியான ஆர்ஏசிஜிபி தரும் ஃபெலோஷிப்புக்கு (முழுத் தகுதிபெற்ற ஜிபி என்ற சான்று) ஒரு வருடம் மருத்துவமனை, ஒன்றரை வருடம் ஜிபி கிளினிக், ஆறு மாதம் கூடுதல் திறன் பயிற்சி. எல்லாம் முழுநேரக் கணக்கு. வாரத்தில் பாதி நாள் மட்டும் பார்த்தால் காலம் இரட்டிப்பாகும். கிராமப்புற மருத்துவத்துக்கான இன்னொரு கல்லூரியான ஏசிஆர்ஆர்எம் வழி நான்கு வருடம்.

ஆனால் காலம் கரைவது அதற்கு முன்னால்தான். ஏஎம்சி தேர்வுகள் (வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில் நடத்துபவை), மேற்பார்வையில் வேலை, அந்த வேலைக்கே ஒரு இடம் கிடைப்பது... இதெல்லாம் அந்த மூன்றில் சேராது. ஏற்கெனவே செய்த மருத்துவமனைப் பணியைக் கழித்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்தத் துறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தெளிவான கடிதம் வேண்டும். ‘நல்லவர், வல்லவர்’ கடிதம் உதவாது. புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். பழைய அலுவலகத்தில் பதில் வாங்குவது எவ்வளவு சுகம் என்று உங்களுக்கே தெரியும்!

அப்புறம், பத்து வருட மொரட்டோரியம் என்ற கட்டுப்பாட்டைப் பயிற்சிக் காலத்தோடு குழப்பாதீர்கள். அது 1997 முதல் இருக்கும் மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) விதி. வெளிநாட்டில் படித்தவர்கள் பெரும்பாலும் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில்தான் வேலை பார்க்க வேண்டும். ஃபெலோஷிப் வாங்கினாலும் அது தானாக முடிவுக்கு வராது. தொலைதூர ஊர்களில் வேலை பார்த்தால் குறையும்.

2024 அக்டோபரில் பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து ஜிபிகளுக்கு விரைவு வழி திறந்தார்கள். மேற்பார்வையில் ஆறு மாதம், அவ்வளவுதான். நம்மவர்கள் சிலர் முதலில் பிரிட்டன் போய் அங்குள்ள ஜிபி தகுதியான எம்ஆர்சிஜிபி முடிப்பது பற்றி யோசிக்கிறார்கள். அங்கேயும் மூன்று வருடப் பயிற்சிதான், சரியா?