மாஸ்டரின் இரண்டு மரமணிகள்

எங்கள் காலத்தில் சாரணராக இருந்த எல்லோருக்கும் எங்கள் சாரண மாஸ்டரின் கழுத்தில் தொங்கிய இரண்டு மரமணிகள் நினைவிருக்கும். பாசறை நாட்களில்தான் அவற்றைப் போடுவார். முதல் நாள் முழுக்கப் பனங்காணியில் பற்றை வெட்டுவோம், முள்ளுப் பொறுக்குவோம். அப்புறம்தான் கூடாரம். இரவு பாசறைத் தீயைச் சுற்றி இருக்கும்போது மணியைத் தொட்டுக் காட்டி, "இது கில்வெல் பயிற்சிக்குக் கிடைச்சது, தம்பிமார்" என்பார்.

லண்டனில் மகள் சாரணியத்தில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கில்வெல்லைப் பார்த்தேன். எப்பிங் காட்டோரம், சிங்ஃபோர்ட்டுக்குப் பக்கத்தில், இன்று 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். 1919இல் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துச் சாரண ஆணையாளர் கொடுத்த பணத்தில் முதலில் வாங்கியது; பிறகு பெருகியது. கிழக்கு லண்டனின் ஏழைப் பிள்ளைகள் கூடாரம் போட ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. சாரணத் தலைவர்களைப் பழக்கவும் அதே இடம் வேண்டும் என்றார் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல். இரண்டும் நடந்தது.

வாங்கியபோது அது பராமரிப்பில்லாமல் காடுபற்றிக் கிடந்த வளவு. அந்த ஆண்டு ஏப்ரலில், ஈஸ்டருக்கு முன்பு, துப்புரவு செய்ய இளைஞர் அணியொன்று வந்தது. நிலம் ஈரம், கூடாரம் அடிக்க வழியில்லை. தோட்டக்காரரின் பழைய கொட்டிலுக்குள் படுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பன்றிக்கொட்டில்'. இன்றும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள பெரிய வெள்ளை மாளிகையைவிட எனக்கு அந்தக் கொட்டில்தான் பிடித்தது. பாசறை நிலத்தைப் பிள்ளைகளே வெட்டித் துப்புரவாக்க வேண்டும் என்று மாஸ்டர் ஏன் பிடிவாதமாக நின்றார் என்பது அதன் முன்னால் நின்றபோது விளங்கியது.

மணியின் கதையும் அங்கேதான் தெரிந்தது. 1919 செப்டம்பரில் நடந்த முதல் பயிற்சியை முடித்தவர்களுக்கு, தென்னாபிரிக்காவின் சூலு அரசர் டினுசூலுவுடையது என்று சொல்லப்படும் மாலையிலிருந்து மணிகளைக் கழற்றிக் கொடுத்தாராம் பேடன் பவல். பிறகு வந்தவர்களுக்கு அதேபோலச் செதுக்கினார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இலங்கையில் சாரணியம் மாத்தளையில் 1912இலேயே தொடங்கிவிட்டது. கில்வெல்லைவிட ஏழு வருடம் மூத்தது.

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு மண்ணில் படுத்தெழும் அனுபவம் குறைவு. சங்கத்தின் கோடை ஒன்றுகூடலை ஒரு முறையாவது மண்டபத்தை விட்டுக் கில்வெல்லில் வைப்போம். சிங்ஃபோர்ட்வரை லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நேர் ரயில் இருக்கிறது.