மல்டிகாஸ்ட் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்பிஎஃப்-ஐ விட்டுவிடாதீர்கள்

சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்பி என்கோருக்குப் படிக்கிற பலரும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என்ற ரவுட்டிங் முறைகளை எல்லாம் முடித்துவிட்டு, கேட்கிற பலருக்கும் ஒரே தரவைச் சேர்த்து அனுப்புகிற மல்டிகாஸ்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் தள்ளினேன், முதல் தடவை தேறவில்லை. அப்புறம் மன்னார்குடி வீட்டிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பில் ரவுட்டர்களைப் போலச் செய்துகாட்டும் ஜிஎன்எஸ்3 மென்பொருளைப் போட்டு, ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்றே மூன்று ரவுட்டரை முக்கோணமாக இணைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அனுப்புகிறவரிடம் திரும்பிப் போகிற வழியில் வந்த பாக்கெட்டை மட்டும்தான் ரவுட்டர் ஏற்கும், அந்தச் சோதனைதான் ஆர்பிஎஃப்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது இல்லையா, மல்டிகாஸ்டும் அப்படித்தான், அனுப்புகிறவர் ஒரே ஒரு பிரதியை விடுகிறார், வழி பிரிகிற இடத்தில் மட்டும் அது பிரிகிறது, கேட்காத பக்கம் போவதில்லை. ஆனால் ஒப்புமையை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் பிரிந்தால் குறையும், பாக்கெட் குறையாது, ஒவ்வொரு கிளைக்கும் முழுப் பிரதி போகும்.

இனி லேப். ஆர்1 அனுப்புகிறது, அதையே ஆர்பி ஆகவும் (அனுப்புகிறவரும் கேட்கிறவரும் சந்திக்கிற ரவுட்டர்) வைத்தேன். ஆர்3-இன் இன்டர்ஃபேஸில் ஐஜிஎம்பி ஜாயின் குரூப் (மல்டிகாஸ்ட் குரூப்பில் சேர்க்கும் கமாண்ட்) கொடுத்து 239.1.1.1 என்ற குரூப்பைக் கேட்க வைத்தேன். ஆர்1-க்கும் ஆர்3-க்கும் நடுவே இருந்த நேர் இணைப்பில் மட்டும் பிம் ஸ்பார்ஸ் மோட் (கேட்ட பக்கம் மட்டும் மல்டிகாஸ்ட் அனுப்பும் ரவுட்டிங் முறை) போட்டேன். பிங் அடித்தால் வரிசையாகப் புள்ளிதான், பதிலே இல்லை. பிம் நெய்பர் ஒழுங்காகத் தெரிகிறது, ஒருவருக்கு மட்டும் போகிற சாதாரண யூனிகாஸ்ட் பிங்கும் போகிறது. இரண்டு ராத்திரி இதிலேயே போனது. கடைசியில் ஆர்3-இல் மல்டிகாஸ்ட் வழிகளைக் காட்டும் 'ஷோ ஐபி எம்ரூட்' அடித்து நிதானமாகப் படித்தேன்: இன்கமிங் இன்டர்ஃபேஸ் நல், ஆர்பிஎஃப் நெய்பர் 0.0.0.0, அதாவது உள்ளே வர வழியே இல்லை.

காரணம் இதுதான். நேர் இணைப்பின் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் (குறைவாக உள்ள வழியையே ரவுட்டர் தேர்ந்தெடுக்கும்) அதிகம், அதனால் ஆர்1-க்குத் திரும்பிப் போக நல்ல வழி ஆர்2 என்று ரவுட்டிங் டேபிள் சொல்கிறது, அந்தப் பக்கம் நான் பிம் போடவே இல்லை. ஜாயின் செய்தி ஆர்3-இலிருந்து ஆர்1-ஐ நோக்கி ஏறுவதும் அந்த யூனிகாஸ்ட் வழியில்தான், பாக்கெட் வந்து சேர வேண்டியதும் அதே இன்டர்ஃபேஸில்தான், வேறு பக்கம் வந்தால் ரவுட்டர் கீழே போட்டுவிடும். ஆர்2-இலும், அதை நோக்கிய ஆர்1, ஆர்3 இன்டர்ஃபேஸ்களிலும் பிம் போட்டு, ஆர்2-க்கு ஆர்பி முகவரியையும் கொடுத்தேன், உடனே பதில் வந்தது.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 224.0.0.5, 224.0.0.6 ஓஎஸ்பிஎஃப், 224.0.0.13 பிம், 232.0.0.0/8 எஸ்எஸ்எம் (அனுப்புகிறவர் இன்னார் என்று குறிப்பிட்டுக் கேட்கும் மல்டிகாஸ்ட்), அதற்கு ஐஜிஎம்பி 3 வேண்டும். மல்டிகாஸ்ட் மேக் முகவரியில் (லோக்கல் நெட்வொர்க்குக்குள் பயன்படுவது) ஐபியின் கடைசி 23 பிட் மட்டுமே ஏறுவதால் 32 குரூப்புகள் ஒரே மேக்கில் விழும், இதை ஒரு தரம் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லேப் ஓடியதும் நிறுத்திவிடாதீர்கள். ஏதாவது ஒரு இணைப்பின் காஸ்ட்டை மாற்றிவிட்டு, 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' என்ன காட்டும் என்று முதலில் நோட்டில் எழுதுங்கள், அப்புறம் கமாண்ட் அடியுங்கள். நான் எழுதியதும் திரையில் வந்ததும் தொடர்ந்து ஒத்துப்போன பிறகுதான் இரண்டாவது தடவைக்குப் பணம் கட்டினேன்.