கூண்டுக்குள்ள நைட்ரஜன், போர்டுல ஒரு கணக்கு

இங்கிலாந்துல ஒரு யூனிவர்சிட்டி லேப்ல வேலை. 60 கார்பன் அணு சேர்ந்த பந்து, சி60, அதுக்குள்ள ஒரே ஒரு நைட்ரஜன் அணுவ அடைக்கணும், அவ்ளோதான். வாக்குவம் சேம்பர்ல சி60 பவுடர சூடாக்கி ஆவியாக்குவோம், தண்ணி ஓடி குளிர்ந்துட்டே இருக்கற காப்பர் தகட்டுல அது படியப் படிய நைட்ரஜன் அயனிய மேல அடிச்சுட்டே இருக்கணும், வேகம் ஜாஸ்தியானா பந்து உடையும், கம்மியானா உள்ளயே போகாது. அப்புறம் தகட்டுல ஒட்டுன பழுப்புப் படலத்த சுரண்டி டொலுவீன்ல போட்டா கத்திரிப்பூ கலர்ல கரையும், உடைஞ்சதெல்லாம் கசடா ஃபில்டர்ல நின்னுரும். அந்தக் கலர் எனக்கு இன்னும் சலிக்கல.

சலிக்கற வேலை அதுக்கு அப்புறம்தான். 10,000 பந்துல ஒண்ணுல நைட்ரஜன் இருந்தாலே நல்ல நாள். கலந்து கிடக்கறத பிரிக்க ஹெச்பிஎல்சின்னு ஒரு கருவி, கரைசல அழுத்தி ஒரு குழாய் வழியா விடும், காலி பந்தும் நிறைஞ்ச பந்தும் அதுல கிட்டத்தட்ட ஒண்ணா வெளிய வரும், அதையே திரும்பத் திரும்ப உள்ள விட்டு கிராஃப்ல ஓரத்துல தெரியற துளியூண்டு பீக்க மட்டும் பிடிக்கணும். இஎஸ்ஆர்ல, அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான காந்தப் புலத்துல வச்சுப் பாக்கற கருவில, கூர்மையா மூணு கோடு தெரிஞ்சா அணு உள்ள இருக்குன்னு அர்த்தம்.

உள்ள போன நைட்ரஜன் கார்பனோட ஒட்டாம நடுவுல சும்மா இருக்கும். வெளியன்னா ரெண்டு நைட்ரஜன் அணு சந்திச்ச மாத்திரத்துல சேர்ந்துக்கும், மோலுக்கு 945 கிலோஜூல் வெளிய வரும். புதுசா சேர்ந்த ஜூனியர் இத கேட்டுட்டு, "அண்ணா, அப்போ இது பேட்டரிதானே?"ன்னுச்சு.

நல்ல கேள்வி, போர்டுலயே போட்டோம். அந்த ரெண்டு அணுவுக்கு ரெண்டு கூண்டு, அதாவது ரெண்டு சி60 பந்து வேணும், ஒரு மோல் கணக்குல அணுவும் சேர்த்து மொத்தம் 1,468 கிராம், கிலோவுக்கு 180 வாட் ஹவர் பக்கம் வருது. லித்தியம் அயான் பேட்டரி ரேஞ்ச்! அந்தப் பொண்ணு முகத்துல பல்ப் எரிஞ்சுது. ஆனா அது எல்லாக் கூண்டும் நிறைஞ்சிருந்தாதான். நம்ம சுரண்டுற பவுடர்ல அத பத்தாயிரத்தால வகுக்கணும், 0.02 வாட் ஹவர் கூட தேறாது, சேம்பர் பம்ப் இழுக்கற கரண்ட் கணக்கு தனி.

ஹைட்ரஜன வச்சா என்னன்னு அடுத்த கேள்வி. 2005ல ஜப்பான்ல கியோட்டோ குழு வேதியியல் முறையில பந்துல ஓட்டை போட்டு, ஹைட்ரஜன உள்ள விட்டு, மறுபடி மூடிக் காட்டுனாங்க, அதுல எல்லாக் கூண்டும் நிறையும். எனக்கு இந்தத் துறையிலயே ரொம்ப அழகான வேலை அதுதான். ஆனா கூண்டோட எடை 720, உள்ள இருக்கற ஹைட்ரஜன் 2, அதாவது 0.3 சதவீதம் கூட இல்ல, கார் ஓட்ட அது எந்த மூலைக்கு.

2015 வாக்குல ஆக்ஸ்ஃபோர்டு கம்பெனி ஒண்ணு நைட்ரஜன் அடைச்ச சி60ய 200 மைக்ரோகிராம் 22,000 பவுண்டுக்கு வித்துச்சு. ஆசை காட்டுனது எனர்ஜி இல்ல, சிப்புக்குள்ள வைக்கற மாதிரி குட்டி அணுக் கடிகாரம். ஜூனியரும் இப்ப இஎஸ்ஆர் பக்கம்தான் உக்காந்திருக்கு, பேட்டரிக் கணக்க மட்டும் போர்டுல அழிக்க விடல.