பூட்டிய கதவுக்குள் யார் யார்? வண்ணாரப்பேட்டை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி

இன்ஸ்டாகிராம் கணக்கை 'பிரைவேட்' ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் இனிமேல் வருகிறவரைத்தான் வாசலில் நிறுத்தும். ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவரை எழுப்பி அனுப்பாது. தொல்லை தருகிறவர் பல நேரம் தெரிந்த முகம்தான்: அடுத்த தெரு, பழைய டியூஷன் பேட்ச், முறிந்துபோன நட்பு, சொந்தத்தில் ஒருவர். ஆகவே முதல் வேலை ஃபாலோயர் பட்டியலைச் சலிப்பது.

முதலில் பிரைவேட் ஆக்குங்கள், பிறகு சலியுங்கள். வரிசை மாறினால் பயன் இல்லை. கணக்கு பொதுவில் இருக்கும்போது ஒருவரை நீக்கினாலும் அவர் ஃபாலோ செய்யாமலே எல்லாவற்றையும் பார்ப்பார். ப்ரொஃபைலில் 'ஃபாலோயர்ஸ்' எண்ணைத் தொட்டு, பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ரிமூவ்' கொடுத்தால் போதும். நீக்கியதை இன்ஸ்டாகிராம் அவருக்குச் சொல்லாது. மறுபடி வர வேண்டுமானால் அவர் புதிதாகக் கோரிக்கை அனுப்ப வேண்டும்.

400, 500 பேரை ஒரே மூச்சில் பார்த்தால் கண் சோர்ந்துவிடும், கை தானாகத் தாண்டிப் போகும். ஒரு நாளைக்கு 40 பேர் போதும். நேரில் பார்த்தால் பேசுவேனா, இந்தப் பெயருக்கு உரிய ஆள் யார் என்று தெரியுமா, இவர் என் வீட்டு வாசல் படத்தைப் பார்க்கலாமா? இந்த மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் நீக்கலாம். சந்தேகப்படும் ஐடியில் மூன்று புள்ளியைத் தொட்டு 'அபௌட் திஸ் அக்கவுண்ட்' பாருங்கள். சேர்ந்த மாதம், முன்பு எத்தனை முறை பெயர் மாற்றியது என்பதெல்லாம் பல கணக்குகளுக்கு அங்கே தெரியும். தோழியின் பெயரில், போன மாதம் தொடங்கிய ஐடி என்றால், தோழிக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி ஞாயிறு. தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், பாதிப் பேர் கையில் கேமரா. உங்கள் கணக்கு பூட்டியிருக்கும். ஆனாலும் 'ஏரியா' பக்கம் ஒன்று உங்களை டேக் செய்து பொதுவில் ரீல் போட்டுவிடும். செட்டிங்ஸில் 'டேக்ஸ் அண்ட் மென்ஷன்ஸ்' போய் இரண்டையும் 'நான் ஃபாலோ செய்பவர்கள்' அல்லது 'யாரும் வேண்டாம்' என்று வையுங்கள். அதற்குள்ளேயே 'மேனுவலி அப்ரூவ் டேக்ஸ்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் நீங்கள் சம்மதிக்காமல் எதுவும் உங்கள் ப்ரொஃபைலில் ஒட்டாது. ஒரு குறை: டேக்கை நீக்கினாலும் அவர்கள் பக்கத்தில் படம் அப்படியே இருக்கும். படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும், கேட்பதில் தப்பே இல்லை.

முகத்தை மறைத்தாலும் பின்னணி பேசிவிடும். மாநகராட்சியின் தெருப் பெயர்ப் பலகையில் வார்டும் மண்டலமும் சேர்ந்தே எழுதியிருக்கும். 'மண்டலம் 4' என்றால் தண்டையார்பேட்டை, 'மண்டலம் 5' என்றால் ராயபுரம். மின் மீட்டர் பெட்டியில் எழுதிய இணைப்பு எண், வண்டியின் நம்பர் பிளேட், கல்லூரி அடையாள அட்டையின் கயிற்று நிறம், பக்கத்துக் கடைப் பலகை, இவற்றில் இரண்டு சேர்ந்தால் வீடு தெரிந்துவிடும். படம் போடும் முன் ஓரங்களை வெட்டுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட வெட்டுவது உறுதி.

நேரமும் முக்கியம். திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் நின்றுகொண்டே ஸ்டோரி போட்டால், அடுத்த கால் மணி நேரம் நீங்கள் எங்கே என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். வீடு திரும்பிய பிறகு போடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே ஸ்டேஷன் என்று படம் வந்தால் தாமதமாகப் போடுவதும் உதவாது. உங்கள் நடமாட்டம் அதிலேயே விளங்கிவிடும்.

ஸ்னாப்சாட் வைத்திருப்பவர்கள் மேப்பில் 'கோஸ்ட் மோட்' (இருக்கும் இடத்தை மறைப்பது) போட்டாயிற்றா என்று இன்றே பாருங்கள். வாட்ஸாப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடக் குறிப்பு கழன்றுவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அந்தக் குறிப்பு கூடவே போகும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றைய பக்கம் முழுக்கப் போன் நம்பர். கணக்கை எவ்வளவு பூட்டினாலும் நம்பர் கையில் இருந்தால் பாதி வழி திறந்தே இருக்கிறது.

ரீசார்ஜ் கடை நோட்டில் எழுதும் நம்பர் யார் கைக்கும் போகலாம், ஆகவே ரீசார்ஜை நீங்களே போனில் செய்யுங்கள். கடையில் செய்தே ஆகவேண்டுமென்றால் நோட்டில் பெயர் எழுத வேண்டாம். பணம் அனுப்பும் ஆப்பில் யாராவது உங்கள் நம்பரைத் தட்டினால் வங்கியில் உள்ள முழுப் பெயர் வந்து நிற்கும். 'யார் என்று தெரியாத நம்பர்' என்ற மறைவு அங்கேயே போய்விடுகிறது.

வாட்ஸாப் செட்டிங்ஸில் 'பிரைவசி': லாஸ்ட் சீன், டிபி, அபௌட் எல்லாம் 'மை காண்டாக்ட்ஸ்'; ஆன்லைன் மட்டும் 'சேம் அஸ் லாஸ்ட் சீன்'. தொல்லை தருகிறவரும் காண்டாக்டில் இருந்தால் 'மை காண்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்' எடுத்து அவரை மட்டும் தள்ளலாம். 'குரூப்ஸ்' என்பதையும் அப்படியே மாற்றுங்கள். யார் வேண்டுமானாலும் உங்களைக் குரூப்பில் சேர்க்க முடிந்தால் உங்கள் நம்பர் நூறு பேருக்குப் போய்விடும். 'கால்ஸ்' பகுதியில் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' 2023-இல் வந்தது. தெரியாத நம்பர் அடித்தால் மணி ஒலிக்காது, பட்டியலில் மட்டும் நிற்கும். ஆதாரத்துக்கும் அது உதவும்.

ஃபேஸ்புக்கில் 'நம்பரை வைத்து என்னை யார் தேடலாம்' என்பதை 'ஒன்லி மீ' ஆக்குங்கள். நண்பர் பட்டியலும் 'ஒன்லி மீ'. உங்களைத் தொட முடியாதவர் உங்கள் சித்தி பெண்ணிடம் போவது அந்தப் பட்டியல் வழியாகத்தான். 2020 மே மாதம் இந்தியாவில் வந்த 'லாக் ப்ரொஃபைல்' ஒரே தட்டில் பழைய பதிவுகளையும் நண்பர்களுக்குள் அடக்கிவிடும். வீட்டில் அம்மா, அத்தை கணக்குகளுக்கு அதுதான் எளிது.

எம்.சி. ரோடு பக்கம் புடவை, சுடிதார் ரீல்ஸ் போட்டு விற்கும் அக்காக்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. பிசினஸ் கணக்கைப் பிரைவேட் ஆக்க முடியாது. அதனால் கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு; கடைக்குத் தனி சிம், அதில் வாட்ஸாப் பிசினஸ். இரண்டையும் ஒரே நம்பரில் திறந்தால் காண்டாக்ட் சிங்க் (போனில் உள்ள நம்பர்களை ஆப் படிப்பது) வழியாக வீட்டுக் கணக்கும் வாடிக்கையாளருக்குப் பரிந்துரையாகப் போய்ச் சேரலாம். கடைக் கணக்கில் 'ஹிட்டன் வேர்ட்ஸ்' (நீங்கள் குறிக்கும் வார்த்தை உள்ள கமெண்ட், மெசேஜை மறைப்பது) போய், வழக்கமாக வரும் கெட்ட வார்த்தைகளைத் தமிழிலும் தங்கிலீஷிலும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் அதிகம்.

ஆகஸ்ட் 9, சனி

போனின் பேட்டர்ன் இன்னொருவருக்குத் தெரியும் என்றால் மேலே எழுதிய எதுவும் நிற்காது. முதலில் ஜிமெயில், பிறகுதான் மற்றவை. ஏனென்றால் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றும் சாவி அந்த மெயிலுக்குத்தான் வருகிறது. இன்ஸ்டாகிராமில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', 'பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி', 'வேர் யூ ஆர் லாக்டு இன்'. தெரியாத சாதனம் இருந்தால் முதலில் ஸ்க்ரீன்ஷாட், பிறகு வெளியேற்றம், பிறகு பாஸ்வேர்ட் மாற்றம். டூ-ஃபேக்டருக்கு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு கோடு கேட்கும் பூட்டு) எஸ்.எம்.எஸ்.ஸைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. போன் இல்லாதபோது உள்ளே போக உதவும் பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி, போனோடு சேர்க்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

வாட்ஸாப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள். உங்கள் போன் இரண்டு நிமிடம் கையில் கிடைத்தால் போதும், க்யூஆர் ஸ்கேன் செய்து தன் கணினியில் உங்கள் அரட்டையைத் திறந்துவிடலாம். கூகுள் மேப்ஸில் 'லொகேஷன் ஷேரிங்' யாருக்காவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'அக்ஸஸிபிலிட்டி' (திரையில் உள்ளதைப் படிக்க விடும்) அனுமதி பெற்ற ஆப் பட்டியலில் நீங்கள் போடாத ஏதாவது இருந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர்தான் கண்காணிக்கிறார், அவர் கை நீட்டுகிறவர் என்றால் இவற்றைத் திடீரென்று மூடாதீர்கள். மூடியதும் அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் நம்பிக்கையான வேறொருவர் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசி, எங்கே போவது என்று முடிவு செய்த பிறகு மூடுங்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்ஸ்டாகிராமில் ப்ளாக்கா, ரெஸ்ட்ரிக்டா? ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவர் போடும் கமெண்ட் அவருக்கு மட்டும் தெரியும், மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதிக்குப் போகும், நீங்கள் படித்தீர்களா, ஆன்லைனில் இருக்கிறீர்களா என்று அவரால் பார்க்க முடியாது. தினமும் நேரில் பார்க்க வேண்டிய ஆளுக்கு இது பொருந்தும். மிரட்டல் வந்துவிட்டால் ப்ளாக்தான். 'இவர் வைத்திருக்கும், புதிதாகத் தொடங்கும் கணக்குகளும்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். வேறு நம்பர், வேறு மெயிலில் வருகிறவரை அது எப்போதும் பிடித்துவிடாது.

வாட்ஸாப்பில் ப்ளாக் செய்தாலும் இருவரும் உள்ள குரூப்பில் நீங்கள் எழுதுவது அவருக்குப் போகும். தெரு குரூப், ஸ்கூல் பேட்ச் குரூப் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ப்ளாக் செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

முதலில் ஆதாரம், அடுத்து ரிப்போர்ட், கடைசியில் ப்ளாக். கோபத்தில் அழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது; உண்மை அவர்கள் பக்கம், காட்ட ஒன்றும் இருக்காது.

இன்ஸ்டாகிராமில் அனுப்பியவர் 'அன்செண்ட்' கொடுத்தால் உங்கள் பக்கத்திலிருந்தும் மெசேஜ் போய்விடும். வந்ததும் எடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் யூசர்நேம், தேதி, நேரம் தெரிய வேண்டும். அதோடு ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங்: அவர் ப்ரொஃபைலில் தொடங்கி, மெசேஜைத் திறந்து, மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்துங்கள். வெறும் ஸ்க்ரீன்ஷாட்டைப் 'போலி' என்று சொல்வது எளிது. நகரும் பதிவை அப்படிச் சொல்வது கடினம். ப்ரொஃபைல் லிங்க்கையும் காப்பி செய்து வையுங்கள். ஒருமுறை பார்த்தால் மறையும் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாமல் போகலாம், எடுத்தாலும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடலாம். அதை இன்னொரு போனால் படம் பிடியுங்கள். வாட்ஸாப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து அரட்டையைச் சேமியுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த ஆப், எந்த ஐடி, என்ன சொன்னார், யார் கூட இருந்தார் என்று ஒரு வரி. வீட்டுப் பக்கம் வந்து நின்றாலும் அதில் எழுதுங்கள். ஒரு மெசேஜைக் காட்டினால் 'ஏதோ ஒரு தடவை' என்பார்கள். இருபது வரி இருந்தால் அதுவே பின்தொடர்தல் (ஸ்டாக்கிங்).

ஆதாரப் படங்களை வெட்டாதீர்கள், மேலே வட்டம் போடாதீர்கள். மூலக் கோப்பு, அது இருக்கும் போன், இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் ஒன்றும் தர வேண்டும். அதற்கு அந்தப் போன் தேவைப்படும். ஆகவே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உங்கள் படத்தை வைத்து ஃபேக் ஐடி. தெருவில் ஐம்பது பேரை விட்டு 'ஸ்பேம்' என்று ரிப்போர்ட் அடிப்பது பலன் தராது. பாதிக்கப்பட்டவரே 'என்னைப் போல் நடிக்கிறார்' என்பதைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். அது நிற்கவில்லை என்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 2021 ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) விதிகள் வந்தபோதே ஆள்மாறாட்டம், மார்ஃபிங் (படத்தைத் திரித்தல்), அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் தரும் புகாருக்கு 24 மணி நேரக் கெடு வைத்தன.

அந்தரங்கப் படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டினால் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது; அதன் எண் வடிவக் கைரேகை மட்டும் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும், அவை அந்தப் படத்தைத் தடுக்கும். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் அதே போன்ற 'டேக் இட் டவுன்' தளம். இரண்டும் கட்டணம் இல்லை. மிரட்டலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள். கொடுத்துவிட்டிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன்.

ஆகஸ்ட் 23, சனி

புகார். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். நடவடிக்கை எங்கே நிற்கிறது என்று பின்தொடர வேண்டுமானால் பெயரோடு பதிவது நல்லது. நேரில் போவதென்றால் எந்த ஸ்டேஷன் எல்லை என்ற அலைச்சல் தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) பிரிவு 173 எல்லை பார்க்காமல் புகாரை வாங்கச் சொல்கிறது. பின்தொடர்தல் புகாரைப் பெண் அதிகாரி பதிய வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 78-இல் ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம் என்று நேரடியாகவே இருக்கிறது. அந்த எண்ணைப் புகாரிலேயே எழுதுங்கள். ஃபேக் ஐடி என்றால் ஐ.டி. சட்டம் 66சி, 66டி. அவர் வாசலில் நிற்கிறார் என்றால் இதெல்லாம் அப்புறம், முதலில் அவசர எண் 112.

அப்பா அம்மாவுக்கு: பிள்ளை சொன்னதும் போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். ஆதாரம் அதில்தான் இருக்கிறது. பிடுங்கினால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வராது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராம் 'டீன் அக்கவுண்ட்' 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. தானாகவே பிரைவேட், தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. வயதைக் கூட்டிக் காட்டப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்ட கணக்குக்கு இந்தப் பாதுகாப்பு சேராமல் போகலாம். திட்டாமல் உட்கார்ந்து, அந்த வருடத்தைச் சரி செய்யுங்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிள்ளையார் சதுர்த்தி நேற்று முடிந்தது. பந்தல் படங்களில் டேக் கோரிக்கைகள் குவிந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஃபாலோயர் பட்டியலில் இந்த மாதம் புதிதாக வந்தவர்களை மட்டும் இன்னொரு முறை சலியுங்கள், பத்து நிமிடம் ஆகும். லிங்க்டு டிவைசஸும் அதே நேரத்தில். அடுத்த பார்வை செப்டம்பர் 28, ஞாயிறு.