புது ஆயில் ஊற்றிய வண்டி

வெள்ளம் வடிந்து ஒன்றரை மாதம் இருக்கும். "பழைய வண்டி ஒண்ணு அமைஞ்சிருக்கு, பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று ஒரு பையன் பைக்கைப் பட்டறைக்கு ஓட்டி வந்தான். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங் சீராக நின்றது. புகை இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், தேன் நிறத்தில் புத்தம்புது ஆயில். "தாராளமா வாங்கு" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆயில்தான் என்னை உஷார்படுத்தியிருக்க வேண்டும். விற்கப்போகிற வண்டிக்கு எவன் கைக்காசு போட்டு ஆயில் மாற்றுவான்?

இரண்டு மாதத்தில் அடியில் ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. எஞ்சினைப் பிரித்தால், பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் குண்டுகளில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளிகள். தண்ணீர் புகுந்த எஞ்சினில் ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடும். அதை வடித்து, கழுவி, புது ஆயில் ஊற்றினால் நிறம் போய்விடும், புள்ளி போகாது. ஓட ஓட அந்தப் புள்ளி குழியாகும், குழி சத்தமாகும். வாங்குகிற அன்றைக்கு ஒன்றும் கேட்காது.

தண்ணீருக்குள் ஓட்டிய வண்டியில் வேறு தொல்லை. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டனால் காற்றைப்போல அதை அமுக்க முடியாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்திருந்தால் வண்டி ஓடத்தான் செய்யும், இழுவை மட்டும் குறையும். முங்கிய வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் செல்ஃப் அடித்தவர்கள் எத்தனை பேர் என்று விற்பவருக்கே தெரியாது.

எஞ்சினாவது பரவாயில்லை, பிரித்தால் கண்ணுக்குத் தெரியும். ஒயரிங் அப்படியில்லை. ஒயரின் ரப்பருக்குள் தண்ணீர் ஊர்ந்து போகும். செம்பு பச்சை பூத்து, ஒருநாள் இண்டிகேட்டர் எரியாது, மறுநாள் தானாகச் சரியாகும், மழைக்காற்று அடித்தால் ஸ்டார்ட் ஆகாது. ஒயர்களை இணைக்கும் ஒரு கப்ளரைச் சுத்தம் செய்தால் அடுத்தது மக்கர் பண்ணும். ஈசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ஏபிஎஸ்ஸும் (பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அதிலும் உப்புத்தண்ணீர் கலந்த வெள்ளம் பார்த்த வண்டியை, என்னைக் கேட்டால், உதிரிபாகத்துக்குக்கூட நான் எடுக்கமாட்டேன்.

இப்போதெல்லாம் யார் வண்டி கொண்டுவந்தாலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் சீட்டைக் கழற்றுகிறேன். ஸ்பாஞ்சை அமுக்கி முகர்ந்து பார்ப்பேன், ஷாம்பு போட்டாலும் சேற்று வாடை அதைவிட்டுப் போகாது. டேங்குக்குக் கீழே சேசிஸ் மடிப்பில் விரலை விட்டால் மாவு மாதிரி வண்டல் ஒட்டும், வாட்டர் வாஷ் அங்கே எட்டாது. ஹெட்லைட் உள்பக்கம் கறைக்கோடு இருக்கிறதா, கப்ளரில் பச்சை பூத்திருக்கிறதா, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது அதன் அடியில் இருக்கும் பேரிங்கான கோன்செட் நெறநெறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவேன். இன்சூரன்ஸில் கிளெய்ம் எடுத்த வண்டியா என்றும் விசாரிக்கச் சொல்வேன்.

அந்தப் பையனிடம் லேபர் வாங்கவில்லை. ஸ்பேர் காசு அவனுடையதுதான். "வித்துடவாண்ணே?" என்று கேட்டான். வெள்ளத்தில் முங்கிய வண்டி என்று சொல்லி விற்பதென்றால் வில் என்றேன். சொன்னால் பாதி விலைகூடத் தேறவில்லை. அவனே வைத்து ஓட்டுகிறான். போன வாரம் பின் வீல் பேரிங் மாற்றினோம். மீட்டர் கண்ணாடிக்குள் இன்னும் ஆவி பிடிக்கிறது.