அம்மாவின் மூட்டும் சேற்றுப்புண்ணும்

ஜூன் 3, செவ்வாய்
அம்மாவின் மூட்டு மாற்று ஆபரேஷன் இன்று நடக்கவில்லை. ராத்திரியிலிருந்து வெறும் வயிறாக இருந்தவளின் கால் விரல்களை விரித்துப் பார்த்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சுண்டுவிரல் இடுக்கில் சேற்றுப்புண். அது ஆறின பிறகுதான் மற்றதெல்லாம். "விரல் இடுக்குப் புண்ணுக்கும் முட்டிக்கும் என்னடி சம்பந்தம்?" என்று ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதாள். பதினாறு வருஷமாகத் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன், நான் பார்த்திருக்க வேண்டும். அது மனசை அரிக்கிறது.

ஜூன் 5, வியாழன்
காலையில் குடம் விளக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டு, உள்பக்கம் தடவிப் பார்க்கச் சொன்னேன். வழவழவென்று இருந்தது.

"அலசினா போகுமாம்மா?"

"புளி போட்டுத் தேய்க்கணும்டி."

கால் புண்ணிலிருக்கும் கிருமி ரத்தத்தோடு போய் முட்டியில் வைக்கும் உலோகத்தில் ஒட்டினாலும் அப்படித்தான் என்றேன். வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் இருந்துவிடும். உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது; படலத்துக்குள் இருப்பதை மருந்தால் முழுதாக அழிக்க முடிவதில்லை. பல சமயம் வைத்த மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

1957இல் எலெக், கோனென் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டியது நினைவுக்கு வந்தது. தோலில் சீழ் பிடிக்க லட்சக்கணக்கில் கிருமி தேவைப்பட்ட இடத்தில், ஒரு தையல் நூல் கிடந்தால் சில நூறே போதுமாயிருந்தது. நூலுக்கே அந்த நிலை. அம்மாவுக்கு வைக்கப்போவது கை நிறைய உலோகம்.

அம்மா பேசாமல் துண்டை எடுத்து விரல் இடுக்குகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஜூன் 23, திங்கள்
புண் ஆறிவிட்டது, சுகரும் கட்டுக்குள். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் குளியல் முடிந்தது. முட்டியைப் பிளேடால் மழிக்க வந்த அத்தையைத் தடுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத கீறலில்தான் கிருமி குடியேறும்.

ஜூன் 24, செவ்வாய்
சொந்த அம்மா என்பதால் என்னை உள்ளே விடவில்லை. ரத்தத்தை நிறுத்தும் தொடைப் பட்டையை இறுக்குவதற்கு முன்பே செஃபசோலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஏறிவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பட்டை இறுகினால் ரத்தம் போகாது, மருந்தும் போகாது. வெளியே நின்று கதவு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணினேன். 1960களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்று சர்ஜன் ஜான் சார்ன்லி ஆபரேஷன் தியேட்டர் காற்றைச் சுத்தப்படுத்தப் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு வந்த தொற்று, ஒன்றுக்கும் கீழே வந்தது. சும்மா எட்டிப் பார்க்கக் கதவைத் திறப்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

ஜூலை 8, செவ்வாய்
தையல் பிரித்தார்கள். கசிவு இல்லை, சூடு இல்லை. பக்கத்துக் கட்டில் பாட்டியிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "முட்டியை அப்புறம் பாக்கலாம், முதல்ல கால் விரலை விரிச்சுக் காட்டுங்க."